உளுந்தில் பதிந்த பிரேக் தடம்

பிரேக்கை மிதித்தால் எங்கள் கார் இடது பக்கம் இழுத்தது. லேசாக இழுக்கவில்லை. ஸ்டியரிங்கை வலது பக்கம் முறுக்கிப் பிடித்துக்கொண்டு மிதிக்காவிட்டால் சாலையோரப் புளியமரத்தைப் பார்த்துப் போய்விடும். ஒரு மாதமாக அதைக் கையாலேயே சமாளித்துக்கொண்டிருந்தேன். வண்டியின் கோளாறைச் சரிசெய்யாமல் அதற்குத் தன் கையைப் பழக்கிக்கொள்கிற டிரைவர் சோம்பேறி. நான் சோம்பேறியாகத்தான் இருந்தேன். அதை வேறு எவனாவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

இது அறுபதுகளின் நடுவில் நடந்தது. நான் கடலூர் முதுநகரில் வாடகைக் கார் ஓட்டினேன். இங்கிலாந்தில் செய்த பழைய கறுப்பு வண்டி. எனக்கு முன் மூன்று பேர் ஓட்டித் தேய்த்த வண்டி. ஆனாலும் சொந்த வண்டி. அதற்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு மண்டிக்காரரிடம் டிரைவராக இருந்தேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இரண்டு முறை கை தட்டுவார். கை தட்டினால் அந்த வீட்டில் ஓடி வருவது நாயும் நானும்தான். சில நாள் நாய் வராது. சொந்த வண்டி வந்த பிறகு யார் கை தட்டினாலும் நான் திரும்பிப் பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். என் வண்டி வேண்டுமென்றால் என் முன்னால் வந்து நின்று எங்கே போக வேண்டும் என்று வாயால் சொல்ல வேண்டும். அதனால் சில சவாரிகள் போயின. போகட்டும்.

வண்டியில் பாதி என் மனைவியின் தம்பிக்குச் சொந்தம். எனக்கு மச்சான். அண்ணாமலை நகரில் ஒர்க்‌ஷாப் பிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் ரயிலேறிக் கடலூர் வந்து, எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வண்டியின் அடியில் படுத்துவிடுவான். அவன் எனக்கு ஒரே ஒரு கட்டளைதான் போட்டிருந்தான். "மாமா, நீங்க என்னா வேணா கழட்டுங்க. பிரேக்குல மட்டும் கைய வெக்காதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்."

அவன் சொன்னதாலேயே நான் கை வைத்தேன்.

கார் டிரைவர்கள் எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கெடிலம் ஆற்றில் இறக்கிக் கழுவுவோம். சக்கரத்தின் நடு வரைக்கும் தண்ணீரில் நிற்கும். யார் வண்டி ஜாஸ்தி பளபளக்கிறது என்று போட்டி வேறு. ஒரு சனிக்கிழமை கழுவிக் கரையேற்றிய பிறகு வலது முன் சக்கரத்தில் கரகரவென்று சத்தம் வந்தது. பிரேக் டிரம்முக்குள் ஆற்று மணல் போயிருந்தது. மச்சான் வரும்வரை காத்திருக்க எனக்கு என்ன கேடு என்று நானே சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே டிரம்மை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவைக் கழற்றினேன். ஷூவைத் தள்ளுகிற சின்ன சிலிண்டரையும் விடவில்லை. உள்ளே இருந்த பிஸ்டன், ரப்பர் வாஷர் எல்லாவற்றையும் எடுத்து, மனைவியின் எனாமல் பேசினில் மண்ணெண்ணெய் ஊற்றி, ஊறப்போட்டுத் தேய்த்துக் கழுவினேன். எங்கள் டிரைவர்களுக்கு மண்ணெண்ணெய்தான் தீர்த்தம். கையில் கிரீஸ் என்றால் மண்ணெண்ணெய், செயினில் அழுக்கு என்றால் மண்ணெண்ணெய், முழங்காலில் சிராய்ப்பு என்றால்கூட மண்ணெண்ணெய். எல்லாம் புதிதுபோல் ஆனது. மாட்டி ஓட்டினேன். சத்தம் நின்றுவிட்டது. பேசினைக் கெடுத்தேன் என்று மனைவி இரண்டு நாள் பேசவில்லை. மச்சானிடம் நான் எதையும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து இழுக்க ஆரம்பித்தது. இடது பக்கம்.

அந்த நேரம் பார்த்து வண்டிக்குத் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டி வந்தது. அதற்கு வருகிற அதிகாரியை எங்கள் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டிய சாலையில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "முப்பதுல போயி மிதி. ஸ்டியரிங்க இறுக்கிப் புடிக்காத. வெரல் மட்டும் படட்டும்," என்றார். மிதித்தேன். ஓரத்தில் கட்டியிருந்த ஓர் ஆட்டுக்கு ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. ஆடு கத்தக்கூட இல்லை. புல்லை மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது.

இன்ஸ்பெக்டர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் ஆட்டைத்தான் பார்த்தார். "இது பொழச்சுது. அடுத்த வியாழக்கெழம வண்டியக் கொண்டா. அதுவரைக்கும் சவாரி ஏத்தக் கூடாது. அன்னிக்கும் இப்படியேதான்னா நான் எழுத வேண்டியத எழுதிடுவேன். அப்புறம் எங்கயாச்சும் டிரைவர் வேலைதான் பாக்கணும் நீ," என்றார்.

கை தட்டும் சத்தம் எனக்குக் காதில் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தான். இடது பக்கம் இழுக்கிறது என்றால் இடது பிரேக் ஜாஸ்தி பிடிக்கிறது, அதைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று நான்தான் அவனுக்குச் சொன்னேன். அவன் இடது முன் டிரம்மைத் திறந்து, லைனிங்கை உப்புத்தாளால் தேய்த்து, ஷூவைக் கொஞ்சம் தளர்த்தினான். ஓட்டிப் பார்த்தோம். கொஞ்சம் குறைவாக இழுத்தது. இன்னும் தளர்த்தினான். இன்னும் குறைந்தது. ஆனால் பெடல் கீழே போய்க்கொண்டே இருந்தது. வண்டி நிற்கிற இடமும் தள்ளித் தள்ளிப் போனது. அவன் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தான்.

"வலது பக்கத்தையும் ஒரு தடவ தொறந்து பாத்துடலாமே மாமா."

"அது சுத்தமா இருக்குது. வுடு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வண்டி ஓட்றவன் நானா நீயா? ஒன் கைல கோளாற வெச்சிக்கிட்டு நல்லா இருக்கற சக்கரத்தையும் கெடுக்காத. ஒர்க்‌ஷாப்புல இதத்தான் கத்துக் குடுத்தாங்களா?"

அவன் சாமானைப் பையில் போட்டுக் கட்டினான். சாயங்கால ரயிலுக்குப் போய்விட்டான். போகும்போது வழக்கமாக ஒரு டம்ளர் காப்பி குடிப்பான். அன்று குடிக்கவில்லை.

திங்கட்கிழமை முழுக்க நான் ஒருவனே ஓட்டிப் பார்த்தேன். இழுப்பு போகவில்லை. இப்போது பிரேக்கும் போய்விட்டதுபோல் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மனைவி புடவை மாற்றிக்கொண்டு வந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள். "தம்பிகிட்டப் போவலாம். நீங்களா கேட்டுக்கப் போறதில்ல. நான் வந்தாத்தான் அவன் தொடுவான்," என்றாள். எனக்குக் கோபம்தான். ஆனால் வேறு வழியில்லை. சிதம்பரம் சாலையில் மெதுவாக ஓட்டினேன்.

உளுந்து பிடுங்கும் காலம். புதுச்சத்திரம் தாண்டியதும் சாலை முழுக்க உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் காய் உடைந்து உளுந்து கீழே உதிரும். ஆள் வைத்து அடிக்க வேண்டாம். நாங்கள் திட்டிக்கொண்டே அதன்மேல் ஏற்றிப் போவோம். அவர்கள் வண்டி போதவில்லை என்று திட்டுவார்கள்.

செடிப் பரப்பில் பாதி தூரம் போகும்போது வரப்பிலிருந்து ஒருவன் சைக்கிளோடு குறுக்கே இறங்கினான். மிதித்தேன். வண்டி ஒரேயடியாக இடது பக்கம் சுற்றி, செடியையெல்லாம் வாரித் தள்ளிக்கொண்டு, சாலையோரத்தில் தூற்றிக் குவித்திருந்த உளுந்துக் குவியலுக்குப் பக்கத்தில் போய் நின்றது. சைக்கிள்காரன் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். கையில் முறத்தோடு ஓர் அம்மா வந்தாள். நெற்றியெல்லாம் தூசு.

"எந்த ஊரு டிரைவருடா நீ? ஏத்திட்டுப் போன்னு போட்டா வாரி எறிஞ்சிட்டுப் போறியே."

"பிரேக் இழுக்குதும்மா. இடது பக்கம் ஜாஸ்தி புடிக்குது."

"ஜாஸ்தியா? எறங்கி வந்து பாரு. பொறக்கிக் குடுக்கறதுக்காச்சும் எறங்கு."

இறங்கினேன். வண்டி கோணலாகத் திரும்பியதால் நான்கு சக்கரத்தின் தடமும் தனித்தனியாகக் கிடந்தது. அவள் முறத்தாலேயே காட்டினாள். மூன்று தடத்தில் சக்கரம் செடியை வழித்துத் தள்ளித் தார் தெரிந்தது. வலது முன் சக்கரம் வந்த வழியில் மட்டும் செடி கலையாமல் தட்டையாக அமுங்கிக் கிடந்தது. அந்தச் சக்கரம் நிற்கவே இல்லை. சும்மா உருண்டு வந்திருக்கிறது.

"இதுதான் சும்மா வந்திருக்குது. அந்தப் பக்கத்துது ஒழுங்காத்தான் நின்னிருக்குது. ரெட்டை மாட்டுல ஒண்ணு நின்னு ஒண்ணு நடந்தா வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? நின்ன மாட்டுப் பக்கந்தான் திரும்பும். நீ என்னா பண்ணுவ, நின்ன மாட்டப் போட்டு அடிப்பியா?"

நான் அதைத்தான் இரண்டு நாளாகச் செய்துகொண்டிருந்தேன். நின்ற மாட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தோம்.

குனிந்து புறங்கையால் டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். இடது முன் டிரம் தோசைக்கல்போல் சுட்டது. வலது முன் டிரம் பானைத் தண்ணீர்போல் இருந்தது. இதைக் கடலூரிலேயே தொட்டுப் பார்த்திருக்கலாம். பதினோரு வருஷம் டிரைவர் என்று சொல்லிக்கொள்கிறவன் கையை நீட்டிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை.

மனைவி செடியைப் பொறுக்கி நடுச்சாலையில் போட்டுவிட்டு வந்தாள். "அன்னிக்கு என் பேசின்ல கழுவுனீங்களே, அது இந்தப் பக்கந்தானே?" என்றாள்.

"வாய மூடிக்கிட்டு ஏறு."

"ஏறுறேன். தம்பிகிட்ட சொல்லிடுங்க."

சொல்லவில்லை. வலது பக்கம் பிடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மச்சான் மதியம் அரை நாள் லீவு போட்டுவிட்டு, குவார்ட்டர்ஸ் பக்கத்து வேப்பமர நிழலில் வலது டிரம்மைத் திறந்தான். மனைவியைப் பெடலை மிதிக்கச் சொன்னான். மிதித்தாள். ஷூ அசையவில்லை. சிலிண்டரைக் கழற்றினான். பிஸ்டன் உள்ளேயே இறுகிக் கிடந்தது. கட்டையை வைத்துத் தட்டித் தட்டித்தான் வெளியே வந்தது. அதோடு வந்த ரப்பர் வாஷரைப் பார்த்து விரலால் அமுக்கினான். டீயில் ஊறிய பன் மாதிரி உப்பியிருந்தது.

"இத யாரோ தொறந்திருக்காங்க மாமா."

"பழைய ஓனரா இருக்கும்."

மனைவி பெடலில் வைத்த காலை எடுக்காமல் என்னைப் பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த வாஷர் கடலூரில் கிடைக்காது. பழைய வண்டி, வெளிநாட்டுச் சாமான். சிதம்பரம் மேலவீதியில் ஒரு பாய் மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். பரங்கிப்பேட்டைக்காரர், பினாங்கில் பல வருஷம் லாரி ஒர்க்‌ஷாப்பில் இருந்துவிட்டு வந்தவர். மச்சானும் நானும் போனோம். பாய் பழைய வாஷரை வாங்கி முகர்ந்து பார்த்தார். உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்து வந்து, புது வாஷரைப் பழையதன் பக்கத்தில் வைத்தார். இரண்டும் ஒரே சாமான் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள்.

"கடைசி ஜோடி இது. அடுத்தது எப்ப வரும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்," என்றார். டப்பாவின் மேல் கையை வைத்துக்கொண்டார். "குடுக்கறேன். ஆனா கழுவுனது யாருன்னு சொல்லிட்டு வாங்கிட்டுப் போங்க. மண்ணெண்ணெய்ல போட்டவரு மறுபடியும் மண்ணெண்ணெய்லதான் போடுவாரு. ரப்பர் அதக் குடிச்சிட்டு ஊதிப் போயி அப்படியே இறுகிக்கும். அதுக்கு நான் குடுக்க மாட்டேன்."

மச்சான், "பழைய ஓனருங்க பாய்," என்று ஆரம்பித்தான். பாவம், நான் சொன்ன பொய்யை அவன் சுமந்துகொண்டிருந்தான்.

"நான்தான்," என்றேன். "மணல் போயிருந்தது. நான்தான் கழட்டி மண்ணெண்ணெய்ல ஊறப் போட்டேன். இவன்கிட்டச் சொல்லல."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தான். பாய்தான் சிரித்தார். "பினாங்குல நானும் ஒரு லாரிய இதே மாதிரி சுத்தம் பண்ணேன். மலை ஏறச்சே தெரியல. எறங்கச்சே தெரிஞ்சுது. ஒங்களுக்கு ஒரு ஆட்டோட போச்சு, எனக்கு ஒரு டீக்கடையோட போச்சு." ஆட்டின் கதையை மச்சான் திங்கட்கிழமையே அவரிடம் வந்து சொல்லியிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது. பாய் டப்பாவை என் பக்கம் தள்ளினார். "ரப்பர் படற எடத்துல பிரேக் ஆயில் மட்டும். வேற எதுவும் கிட்ட வரக் கூடாது."

மேலவீதியிலிருந்து அண்ணாமலை நகருக்கு நடந்தோம், அவன் நாலடி முன்னாலேயே போனான். ஸ்டேஷனைத் தாண்டிய பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

"கோவம் வந்தா திட்டுடா."

"திட்டி என்னா ஆவப் போவுது? ஞாயித்துக்கெழமயே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு நாள் மிச்சம். அக்கா காப்பியும் எனக்கு மிச்சம்."

"அத நீயாத்தான குடிக்கல."

"நீங்க பேசன பேச்சுக்கு அது எப்படி எறங்கும்?" என்றான். பிறகு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் தலை கொஞ்சம் லேசானதுபோல் இருந்தது.

அவன் சிலிண்டரைப் பிரேக் ஆயிலால் துடைத்தான். புது வாஷரை ஆயிலில் தோய்த்து, விரலாலேயே உள்ளே ஏற்றினான். மண்ணெண்ணெய் பட்ட ஆயில் மற்ற ரப்பரையும் கெடுக்கும் என்று வண்டியில் இருந்த பழைய பிரேக் ஆயிலையும் கொட்டிப் புதிது ஊற்றச் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தளர்த்திய இடது பக்கத்தைப் பழையபடி இறுக்க வேண்டும். அந்த வேலையை என்னைச் செய்யச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்றான். பைப்பில் காற்று நின்றால் பெடல் பஞ்சுபோல் இறங்கும். அதை எடுக்க ஒருவர் உள்ளே மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும்.

"அக்கா, மிதி. புடி. புடிச்சிக்கிட்டே இரு. ம், வுடு."

"எவ்ளோ நேரம்டா? காலு மரத்துப் போச்சு."

"மாமா பண்ண வேலைக்கு நீ மிதிக்கற. கேட்டா அவுரக் கேளு."

குமிழி வருவது நின்று சுத்தமான ஆயில் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பெடல் பாதியிலேயே கல்போல் நின்றது.

மறுநாள் புதன்கிழமை மூன்று பேரும் கடலூருக்குத் திரும்பினோம். மச்சான் வியாழக்கிழமைக்கும் லீவு சொல்லியிருந்தான். புதுச்சத்திரத்துக்கு முன்னால் அதே அம்மா அதே இடத்தில் புதுச் செடியைப் பரப்பிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்ததும் குவியலின் முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

நான் நிறுத்திக் கேட்டேன். "அம்மா, ஒரு தடவ ஒங்க செடி மேல பிரேக் போட்டுப் பாத்துக்கட்டுமா?"

"ஒரு தடவ போட்டு வாரி எறிஞ்சது போதலியா?"

"இந்தத் தடவ எறியாது."

"எறிஞ்சா?"

"பொறக்கித் தர்றேன்."

"அப்டியா? அப்போ மொதல்ல ஆறு தடவ போயி வா. இன்னிக்கு ரெண்டு பஸ்தான் ஏறிச்சி. காயி ஒடையல. அதுக்கப்புறம் ஒன் பிரேக்கப் போட்டுக்க."

ஆறு தடவை போய் வந்தேன். என் எதிரே வந்து நின்று வாயால் சொல்ல அவளுக்குத் தெரிந்திருந்தது. நான் ஓட்டினேன், அவள் முள்கம்பால் செடியைப் புரட்டிப் போட்டாள். மச்சான் ஓரத்தில் நின்று எண்ணினான். ஏழாவது தடவை வேகமாக வந்து, ஸ்டியரிங்கில் விரல் மட்டும் படும்படி வைத்துக்கொண்டு மிதித்தேன். வண்டி நேராக நின்றது. முன் சீட்டில் மனைவி டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "மாதாவே," என்றாள். மச்சான் முட்டி போட்டுத் தடத்தைப் பார்த்தான். இரண்டு பக்கமும் செடி ஒரே அளவுக்கு விலகித் தார் தெரிந்தது.

அந்த அம்மாவும் வந்து பார்த்தாள். "இப்போ ரெண்டு மாடும் சேந்து நிக்குது," என்றாள். பிறகு, "பொறக்கிட்டுப் போ," என்றாள். மூன்று பேரும் பொறுக்கிக் கொடுத்தோம்.

வியாழக்கிழமை காலையில் வண்டியைக் கழுவவில்லை. இன்ஸ்பெக்டரிடம் போகிற வண்டி பளபளவென்று இருக்க வேண்டும் என்று மற்ற டிரைவர்கள் விடியும்போதே கெடிலத்துக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். டிரம்முக்குள் தண்ணீரும் மணலும் மறுபடி போக எனக்கு மனசில்லை. மஞ்சக்குப்பத்தில் வரிசையில் நின்ற வண்டிகளில் என்னுடையது மட்டும்தான் தூசு. மட்கார்டுக்குக் கீழே உளுந்துச் சருகு தொங்கிக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஒரு காய்ந்த கொடியைப் பிடுங்கி எடுத்துப் பார்த்தார். "வண்டியா, வெவசாயமா?"

"பிரேக்கப் பாருங்க சார்."

"பாக்கத்தான வந்திருக்கேன். எடு."

அதே சாலை. அதே இடம். இன்றைக்கு ஆடு இல்லை. அவர் என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் நுனியை ஸ்டியரிங்கில் வைத்து மிதித்தேன். வண்டி மூக்கை லேசாகக் குனிந்து நேராக நின்றது. இன்னொரு தடவை என்றார். நின்றது. மூன்றாவது தடவையும் என்றார். பிறகு கதவைத் திறந்து இறங்கி, தாளை பானெட்டின் மேல் வைத்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "என்னா கோளாறு?" என்று கேட்டார்.

"என் கோளாறு சார்," என்றேன். அவர் சான்றை என் கையில் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் மச்சான் காப்பி குடித்துவிட்டுத்தான் ரயிலுக்குப் போனான். இரண்டு டம்ளர். சனிக்கிழமை நான் வண்டியை ஆற்றங்கரைக்கு மேலேயே நிறுத்தி, வாளியில் தண்ணீர் எடுத்து வந்து கழுவினேன். கீழே தண்ணீரில் நின்றவர்கள் கேலி செய்தார்கள். "தண்ணிக்கு பயமா?" என்று ஒருவன் கேட்டான். அங்கேயே நின்று, மணல், மண்ணெண்ணெய், ஊதிப்போன வாஷர், ஆடு, உளுந்து என்று எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். என் மடத்தனத்தை நானே சொல்லிச் சிரிக்க வைப்பது எனக்குப் புதிது. நன்றாகச் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டாண்டில், அன்று சத்தமாகச் சிரித்தவன் என் வண்டியின் பக்கத்தில் வந்து நின்றான். கொஞ்ச நேரம் டயரைப் பார்த்தான்.

"அந்த ரப்பர் மண்ணெண்ணெய்ல எத்தன நாள்ல ஊதும்?" என்று கேட்டான்.

"ஒனக்கு எந்தப் பக்கம் இழுக்குது?" என்றேன்.